மேடம் வீட்டில் நான் தைத்தது கொக்கி

என் கண்ணுக்கு,

ஞாயிற்றுக்கிழமை வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, பைக்கில் ஏறி, இசக்கியும் பின்னால் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்ட பிறகு, ஹெல்மெட்டுக்குள்ளிருந்தே ஒரு குண்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனாயே, ஞாபகம் இருக்கிறதா? "ம்மா, மேடம் தவறி ஒரு வருஷம் ஆவுதாம். சென்னையில ஒரு டிசைன் காலேஜ்ல கூட்டம் வெக்கிறாங்கோ. அவங்ககிட்ட வேலை செஞ்சவங்க வந்து பேசலாமாம். உன் பேரைக் குட்த்துட்டேன். கட்டிங் மாஸ்டர்னு போட்டுகீறேன்" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் வண்டி தெருமுனையைத் தாண்டிவிட்டது. இசக்கி மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள். அவள் முகத்தில் பாதி சிரிப்பு, பாதி பயம். கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகாத பெண்ணுக்கு மாமியாரை நினைத்து ஏன் பயம் வந்தது என்பது இந்தக் கடிதத்தைப் படித்து முடிப்பதற்குள் உனக்குத் தெரிந்துவிடும்.

நேற்று டீ இடைவேளையில் அந்தக் கல்லூரியிலிருந்து போன் வந்தது. ஒரு பெண்பிள்ளை, நல்ல மரியாதையான குரல். "வர்ற வெள்ளிக்கிழமை காலைல பத்து மணிக்கும்மா. மேடம் துணி வெட்டுற முறையைப் பத்தி நீங்க மாணவர்களுக்குப் பத்து நிமிஷம் பேசணும்" என்றாள். நான் கையில் டீ கிளாஸை வைத்துக்கொண்டு "ம்ம்" என்றேன். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பதினெட்டு வருஷமாக நான் இப்படித்தான் "ம்ம்" போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். இன்றைக்கு எனக்கு இரண்டாவது ஷிப்ட். கம்பெனி பஸ் வர இன்னும் நேரமிருக்கிறது. போனில் இவ்வளவையும் தட்ட என் விரலுக்குத் தெம்பில்லை. அதனால் நோட்டுப் புத்தகத்தைக் கிழித்து எழுதுகிறேன். இசக்கியிடம் கொடுத்து அனுப்புவேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் மேடத்திடம் கட்டிங் மாஸ்டராக இருந்ததில்லை. என் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருஷம் அவர் வீட்டு மாடியில் உட்கார்ந்து கொக்கி தைத்தேன். கச்சாத் தையல் பிரித்தேன். ட்ரயல் பார்க்கும்போது குண்டூசி டப்பாவைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அவ்வளவுதான். மேடத்தின் கத்தரியை நான் தொட்டுத் துடைத்து வைத்திருக்கிறேன், அதைக் கொண்டு ஒரு நூல்கூட வெட்டியதில்லை. உங்கப்பாவுக்கு இது முதலிலிருந்தே தெரியும். அவரை யாரும் எதுவும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. இசக்கிக்குக் கல்யாணத்துக்கு முந்தின நாள் தெரிந்தது. நம் வீட்டில் தெரியாதவன் நீ ஒருத்தன்தான். வெள்ளிக்கிழமை மேடையில் ஏறி அந்தப் பொய்யைப் பத்து நிமிஷம் நீட்டி முழக்க எனக்கு வாய் வராது. உனக்குத் தெரியாமல் அங்கே போய் உண்மையைப் போட்டு உடைக்கவும் மனசு வரவில்லை. மேடை ஏறுவதற்கு முன்னால் உனக்குச் சொல்லிவிட வேண்டும். கோபம் வந்தால் இங்கேயே நிறுத்தி, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மேலே படி.

மேடத்தைப் பற்றி நீ பேப்பரில் படித்திருக்கிறாய். நம் பக்கத்துப் பட்டுத் துணியைப் பாரிஸ் வரைக்கும் கொண்டுபோனவர், ஒரு உடுப்புக்கு நாலு மாதம் எடுத்துக்கொள்கிறவர், நடிகைகளெல்லாம் வாசலில் காத்துக் கிடந்தார்கள் என்று எழுதியிருந்தார்கள். எல்லாம் நிஜம்தான். ஒருத்தருக்கென்றே அளவெடுத்து, முழுக்கக் கையால் தைக்கிற அந்த வேலைக்குப் பிரெஞ்சில் ஒரு பெயர் உண்டு. மேடம் அதைச் சொல்லும்போது கேட்க அழகாக இருக்கும். எங்களுக்கு அது "பெரிய வேலை". பேப்பர்காரர்களுக்குத் தெரியாதது, அவர் வீட்டில் ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு, கழுத்தில் டேப்போடு, வெற்றிலை போட்ட வாயோடு, எங்கள் பதினெட்டுப் பேரையும் நாள் முழுக்க "மக்கு, மக்கு" என்று திட்டிக்கொண்டே மாடிக்கும் கீழுக்கும் நடப்பார் என்பது. ஒருமுறை நான் தைத்த கொக்கி வரிசை முழுவதையும் பிரித்து என் மடியில் கொட்டினார். நான் அழுதேன். அவர் என் முன்னாலேயே உட்கார்ந்து, தன் ஜாக்கெட் முதுகைத் திருப்பிக் காட்டி, "தொட்டுப் பாரு, இங்க குத்துதா? குத்தலைல்ல? உடுத்துறவளுக்குக் கொக்கி இருக்கிறதே தெரியக் கூடாது" என்றார். அடுத்த முறை நான் தைத்ததைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அந்த வீட்டில் திட்டு விழவில்லையென்றால் அதுதான் பாராட்டு. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு எனக்கு நானே ஒரு முட்டை அதிகமாக வாங்கிக்கொண்டேன்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. அதை எந்தப் பேப்பரிலும் பார்க்கவில்லை. எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி, கடைசி ட்ரயல் அன்று உடுப்பைப் போட்டுக்கொண்டு முதலில் கையைத் தூக்க வேண்டும், அப்புறம் மேடத்தை இறுக்கிக் கட்டிப்பிடிக்க வேண்டும். அப்போது அக்குளில் இழுத்தாலோ, முதுகில் சுருங்கினாலோ, அன்றைக்கு டெலிவரி கிடையாது. நாங்கள் அதற்குக் "கட்டிப்பிடி ட்ரயல்" என்று பேர் வைத்திருந்தோம். ஆரம்ப காலத்தில் ஒரு அம்மாவுக்கு அவர் தைத்த கவுன் எல்லார் கண்ணையும் பறித்ததாம். அந்த அம்மாவின் குழந்தை ஓடி வந்து தூக்கச் சொல்லிக் கையை நீட்டியிருக்கிறது, கை இறுகிப்போய் அந்த அம்மாவால் குனிந்து தூக்க முடியவில்லை. மேடம் அங்கேயே கத்தரியை எடுத்துக் கவுனின் கை இரண்டையும் பிளந்துவிட்டாராம். "துணியைப் பாக்காதே, ஆளைப் பாரு" என்பது அப்போதிலிருந்து அவர் வாயில் ஒட்டிக்கொண்ட பேச்சு. பெரிய மனுஷிகள் வெட்கப்பட்டுக்கொண்டே அந்தக் குள்ள உருவத்தைக் கட்டிப்பிடிப்பதைப் பார்க்க எங்களுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும். சிரிப்பை அடக்க முடியாமல் குண்டூசியைக் கீழே கொட்டி நான் திட்டு வாங்கியதுண்டு.

பேப்பரில் பெரிதாகப் போட்டிருந்தார்களே அந்தப் பச்சை உடுப்பு, அதை நீ வெட்டிக் கொண்டுவந்து பிரேம் போட்டு நம் ஹாலில் மாட்டினாய். வருகிறவர்களிடமெல்லாம் "எங்கம்மா வெட்னது" என்கிறாய். கண்ணு, அதில் என் வேலை இருபத்துநாலு கொக்கி. எல்லாம் முதுகுப் பக்கம். போட்டோவை முன்பக்கமிருந்து எடுத்திருக்கிறார்கள். அந்தப் படம் கண்ணில் படக் கூடாதென்றே தினமும் அதற்கு நேர் கீழே உட்கார்ந்து சாப்பிடுகிறேன். உங்கப்பா தலையைக் குனிந்துகொண்டு ரசத்தை ஊற்றிக்கொள்வார்.

இந்தப் பொய் எங்கே முளைத்தது என்று உனக்கு ஞாபகம் இருக்காது. நீ நாலாம் வகுப்பு. அப்போதுதான் நான் ஒரகடத்தில் கார் சீட்டுக்கு உறை தைக்கிற கம்பெனியில் சேர்ந்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் எவனோ, "உங்கம்மா தெக்கிறது மேல எல்லாரும் குந்துறாங்கோ" என்று சொல்லி வகுப்பே சிரித்திருக்கிறது. நீ மூக்கு ஒழுக வந்து நின்றாய். "நீ வேற வேலைக்குப் போம்மா" என்றாய். எனக்குச் சுருக்கென்றது. "போடா, உங்கம்மா யாருன்னு நெனச்சிக்கினுகீற? மேடத்துக்கே துணி வெட்டிக் குட்த்தவ" என்றேன். உன் அழுகை பட்டென்று நின்றது. அந்த முகத்தைப் பார்த்த பிறகு பொய்யைத் திருப்பி வாங்க எந்தத் தாய்க்கு மனசு வரும்? மறுநாள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டாய். அடுத்த வாரம் உன் டீச்சரம்மாவே ஜாக்கெட் துணியோடு நம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார். அவருடைய பழைய ஜாக்கெட்டை அளவுக்கு வாங்கி வைத்துக்கொண்டு, அதை அப்படியே துணிமேல் போட்டு வெட்டி, நம் தெருவில் எல்லாரும் தைக்கிற மாதிரிதான் தைத்துக் கொடுத்தேன். நல்ல வேளையாகச் சரியாக இருந்தது. அன்றைக்கு அது கெட்டுப் போயிருந்தால் பொய்யும் அங்கேயே செத்திருக்கும்.

அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது வேறு. "ஆமாண்டா, குந்தறாங்கோ. ஒரு குடும்பமே புள்ளைகுட்டியோட என் தையல் மேல குந்திக்கினு ஊருக்குப் போவுது, முதுகு நோவாம போவுது, அதுல உனக்கு இன்னா வெக்கம்" என்று கேட்டிருக்க வேண்டும். என் வேலைக்கு நானே வெட்கப்பட்டுவிட்டேன். நீ வெட்கப்பட்டது குழந்தைத்தனம். நான் வெட்கப்பட்டதுதான் தப்பு. உனக்குப் பிள்ளை பிறந்து அதுவும் ஒருநாள் இப்படி மூக்கை உறிஞ்சிக்கொண்டு வரும், அப்போது நீ என்னைப்போல அவசரப்படாதே.

இத்தனைக்கும் மேடத்திடமிருந்து நான் ஒன்றுமே கொண்டுவரவில்லை என்று நினைத்துவிடாதே. எங்கள் லைனில் எல்லாருக்கும் ஒரே மாதிரி நீலக் கோட்டு கொடுப்பார்கள், தெரியுமல்லவா. புதிதாகச் சேர்ந்த பெண்கள் எட்டுப் பேர், தெற்கத்திப் பிள்ளைகள், மதியத்துக்குள் தோள் வலிக்கிறது என்று முனகுவார்கள். மிஷின் உயரம், நாற்காலி உயரம் என்று யார் யாரோ வந்து பார்த்தார்கள். நான் ஒருத்தியைக் கூப்பிட்டு, "கையைத் தூக்கு" என்றேன். தூக்கினாள். கோட்டு முழுசாக மேலே ஏறியது, கை பாதிக்கு மேல் போகவில்லை. சாப்பாட்டு நேரத்தில் எட்டுக் கோட்டின் அக்குளையும் பிரித்து, மேடம் வைக்கிற மாதிரி உள்ளே ஒரு சதுரத் துண்டு வைத்துத் தைத்தேன். சூப்பர்வைசர் பார்த்துவிட்டான். "இன்னாக்கா இது, யூனிஃபார்ம்ல கை வெக்கக் கூடாதுன்னு தெரியாதா? மேல இருக்கறவங்க பாத்தா என்னைத்தான் தாளிப்பாங்கோ" என்று குதித்தான். நாலு நாள் கழித்து ஒரு காகிதப் பையோடு வந்து, குரலைத் தாழ்த்தி, "யக்கா, எனக்கும் கை கொஞ்சம் இழுத்துக்கினே கீது" என்றான். பாரிஸில் நடிகைகளுக்கு வைத்த துண்டு இப்போது எங்கள் லைன் முழுக்க அக்குளில் உட்கார்ந்திருக்கிறது. மேடம் பார்த்திருந்தால் ஒன்றும் சொல்லாமல் போயிருப்பார்.

சரி, இசக்கி கதைக்கு வருகிறேன். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து, மண்ணூரில் ஆறு பெண்களாக ஒரு ரூம் எடுத்துத் தங்கி, செல்போன் கம்பெனியில் வேலை பார்க்கிற பெண்ணை நீ கட்டிக்கொள்கிறேன் என்றபோது உன் வாலாஜாபாத் அத்தை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது உனக்கே தெரியும். எனக்கு அவளைப் பார்த்த அன்றே பிடித்துவிட்டது. வாய் நிறையப் பேசினாள், தட்டு நிறையச் சாப்பிட்டாள். முகூர்த்த ஜாக்கெட்டுக்கு எங்கே ஆரி வேலை கொடுக்கலாம் என்று பேச்சு வந்தபோது, "எனக்கு அதெல்லாம் வேண்டாம். மேடம் கையில வேலை படிச்ச அத்தை வெட்டித் தந்தாப் போதும்" என்றாளே, நீயும் பெருமையாகச் சிரித்தாயே, அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "ம்ம்" என்றேன். அவள் கல்யாண லீவுக்காக ஓ.டி. மேல் ஓ.டி. பார்த்துக்கொண்டிருந்ததால் நேரில் அளவெடுக்கவும் வாய்க்கவில்லை. அளவு ஜாக்கெட்டை நீதான் பைக்கில் கொண்டுவந்து கொடுத்தாய். மேடம் வீட்டில் அளவு ஜாக்கெட்டை வாசல்படி தாண்ட விடமாட்டார்கள். "பழைய ஜாக்கெட் பொய் சொல்லும், உடம்பு சொல்லாது" என்பார். அதைக் காதால் கேட்ட நானே அதை வைத்து வெட்டினேன். இன்னொரு கூத்தும் பண்ணினேன். வீட்டுத் தையலில் எப்போதும் உள்ளே இரண்டு விரல் துணி விடுவோம், நாளைக்குப் பிரித்து விட்டுக்கொள்ள. சீட் லைனில் ஒரு நூல் அதிகமிருந்தாலும் அது டிஃபெக்ட். இத்தனை வருஷப் பழக்கத்தில் என் கை, பட்டுத் துணியின் உள்பக்கத்தைக் கார் சீட் மாதிரி ஒட்ட நறுக்கி, ஓரம் அடித்து வைத்துவிட்டது. பார்க்க அவ்வளவு சுத்தமாக இருந்தது. நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் பகல், புடவையையும் ஜாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு அவள் ரூமுக்குப் போனேன். அறைத் தோழிகள் ஐந்து பேரும் சுற்றி நின்றார்கள். இசக்கி கையை நுழைத்தாள். முழங்கைக்கு மேல் போகவில்லை. தள்ளினோம், இழுத்தோம், பவுடர் போட்டோம். எப்படியோ ஏறியபோது முன்பக்கம் ஒரு சாணுக்கு வாய் பிளந்து நின்றது. அந்தப் பெண் கண்ணாடியைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள், வயிற்றைப் பிடித்துப் பார்த்தாள். "கேன்டீன் சோத்தைத் தின்னு தின்னு நான்தான் பெருத்துட்டேன் போல, அத்தை. நீங்க இவ்ளோ கஷ்டப்பட்டுத் தச்சதை நான் கெடுத்துட்டேன்லா" என்று சொல்லி, கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தாள்.

இங்கேதான் உன் அம்மா செய்ததைக் கேள். ஒரு நிமிஷம் நான் சும்மா நின்றேன். அவள் தன் உடம்பைத் திட்டிக்கொண்டிருந்தாள், என் பேர் தப்பித்தது. அந்த ஒரு நிமிஷம் எனக்கு அது சௌகரியமாக இருந்தது. நான் உன்னிடம் சொன்ன பொய்கூடக் குழந்தையின் அழுகையை நிறுத்தத்தான் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இதற்கு ஒரு சமாதானமும் கிடையாது. நாளைக்கு என் வீட்டுக்கு விளக்கேற்ற வருகிறவளை, என் கத்தரி செய்த தப்புக்குக் கூனிக்குறுக விட்டு வேடிக்கை பார்த்தேன். அப்புறம் எனக்கே என்னைப் பார்க்கச் சகிக்கவில்லை. அவள் கையைப் பிடித்துக் கட்டிலில் உட்காரவைத்து, "நீ ஒண்ணும் பெருக்கல கண்ணு. வெட்னவதான் மக்கு. நான் மேடம்கிட்ட ஒருநாளும் வெட்னதே இல்ல. கொக்கி தெச்சேன். இத்தினி வருஷமா புளுகிக்கினு கீறேன்" என்றேன்.  இசக்கி என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். அப்புறம் மெதுவாக, "அத்தை, நானும் ஒண்ணு சொல்லுதேன், ஏசப்படாது. அந்த அளவு ஜாக்கெட்டு எனக்குள்ளது இல்ல. செல்விக்குள்ளது. கழுத்து வடிவா இருக்குன்னு நாங்க ஆறு பேரும் அதைத்தான் எல்லா டெய்லருக்கும் குடுப்போம். பொறவு உள்தையலைப் பிரிச்சுவிட்டுப் போட்டுக்கிடுவோம்" என்றாள். மூலையில் ஒல்லிக்குச்சியாக நின்ற செல்வி கையைத் தூக்கினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்துவிட்டது. எட்டுக்குப் பத்து அறையில் ஏழு பொம்பளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் கீழ் வீட்டுக்காரம்மா படியேறி வந்து எட்டிப் பார்த்தார்.

சிரித்தால் ஜாக்கெட் பெரிதாகுமா? உள்ளே பிரித்துவிடத் துணி இல்லை. அதே பட்டு வேண்டுமென்றால் புடவையில்தான் இருக்கிறது. அந்தப் புடவையின் நாலு முனையிலும் உன் வாலாஜாபாத் அத்தை மஞ்சள் தடவி, சாமி முன்னால் வைத்து எடுத்துக் கொடுத்திருந்தாள். அப்படி வைத்த முகூர்த்தப் பட்டில் தாலி ஏறுவதற்கு முன்னால் கத்தரி படுவது என்றால் நம் பக்கத்தில் அதைவிட அபசகுனம் கிடையாது. தெரிந்தால் உன் அத்தை கல்யாணத்தையே நிறுத்தியிருப்பாள். இசக்கி புடவையைப் பிரித்து, உள்ளே செருகிக்கொள்கிற முனையை என் முன்னால் விரித்துப் போட்டாள். "வெட்டுங்க அத்தை. உள்ள போறதுதான, யாரு பாக்கப் போறாவ?" என்றாள். கத்தரியை எடுத்துவிட்டு மறுபடி கீழே வைத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக மேடம் மாதிரி துணியை விட்டுவிட்டு ஆளைப் பார்த்தேன். பயம் போய்விட்டது. ஒரு சாண் அகலத்துக்கு வெட்டினேன். அந்தப் பட்டு கத்தரிக்குள் போன சத்தம் எனக்கு இன்னும் இனிக்கிறது.

அளவு டேப்கூட எடுக்கவில்லை. ஜாக்கெட்டின் இரண்டு பக்கத்தையும் பிரித்து அவள் உடம்பில் போட்டு, விட்டுப்போன இடத்துக்குப் பட்டி வைத்துக் குண்டூசி குத்தினேன். அக்குளுக்குச் சதுரத் துண்டு. பிறகு கட்டிப்பிடி ட்ரயல். அந்தப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். இசக்கி ஒவ்வொருத்தியையும் இறுக்கிக் கட்டிப்பிடிக்க, எங்கே இழுக்கிறது என்று பார்த்துப் பார்த்து நான் ஊசியை மாற்றினேன். நடுவில் உன் அத்தை வீடியோ காலில் வந்துவிட்டாள். "இன்னா, ஜாக்கெட்டு கச்சிதமா கீதா? காட்டு பாக்கலாம்" என்றாள். இசக்கி போனைக் கழுத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "வடிவா இருக்கு பெரியம்மா, கழுத்தைப் பாருங்க" என்று கழுத்தை மட்டும் பத்துத் தடவை திருப்பித் திருப்பிக் காட்டினாள். வெட்டின புடவை மேல் ஐந்து பெண்கள் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டேன். சாயங்காலம் டீ வருவதற்குள் தைத்து முடித்துவிட்டேன். கொக்கி மட்டும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் நீ தாலி கட்டியதும் இசக்கி மேடையிலிருந்து இறங்கி, தென்காசியிலிருந்து விடிய விடிய பஸ்ஸில் வந்து கூச்சத்தோடு ஓரமாக நின்ற அவள் அப்பாவை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாளே, பார்த்தாயா? எல்லாரும் அவள் அழுவதைப் பார்த்தார்கள். நான் அவள் அக்குளைப் பார்த்தேன். ஒரு சுருக்கம் இல்லை. ஒரு இழுப்பு இல்லை. எனக்கு வந்த ஆனந்தத்தில் பக்கத்திலிருந்த உன் அத்தையின் தொடையில் ஓங்கி அடித்துவிட்டேன். அவள் முறைத்தாள். அப்புறம் அவளே, "தையல் இன்னா நேர்த்தி, மேடம்கிட்ட இருந்தவன்னா சும்மாவா" என்றாள். சாப்பாட்டுப் பந்தியில் நீ உன் கம்பெனி ஆபீசர்களைக் கூட்டிவந்து, "இவங்கதான் எங்கம்மா, மேடத்தோட கட்டிங் மாஸ்டர்" என்றாய். நான் அவர்களுக்கு இன்னொரு ஜாங்கிரி வைத்தேன்.

உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை, ஆனாலும் சொல்கிறேன். உங்கப்பாவும் நானும் குடும்பம் நடத்துவதைப் பார்த்துவிட்டு அந்த அளவில் இசக்கியோடு வாழ்க்கையை வெட்டாதே. அது எங்கள் உடம்புக்குத் தைத்தது. அவள் சாமான் தேய்க்கும்போது பார், ஷிப்ட் முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது பார், எங்கே இழுக்கிறது என்று தெரியும். இன்னொன்று. நீ செய்த தப்புக்கு அவள் தன்னையே குறை சொல்லிக்கொள்கிற நாள் வரும். பெண்களுக்கு அந்தப் பழக்கம் இருக்கிறது. அன்றைக்கு ஒரு நிமிஷம்கூடச் சும்மா நிற்காதே. நான் நின்றிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

இன்று காலை அந்தக் கல்லூரிப் பெண்ணுக்கு நானே போன் போட்டேன். "அம்மாடி, என் பேருக்குப் பக்கத்துல தப்பாப் போட்டுகீறாங்கோ. நான் கட்டிங் மாஸ்டர் இல்ல. கொக்கி தெச்சவ. வேணாம்னா விட்டுடு, நான் தப்பா நெனக்கமாட்டேன்" என்றேன். அந்தப் பக்கம் அவள் ஏதோ காகிதத்தைப் புரட்டினாள். போச்சு என்று நினைத்தேன். பிறகு அவள் சிரிப்பது கேட்டது. "அம்மா, கட்டிங் மாஸ்டர்னு இதுவரைக்கும் உங்களைத் தவிர ஒன்பது பேர் பதிஞ்சிருக்காங்க. மேடம் வீட்டுல விசாரிச்சா, கடைசி வரைக்கும் அவங்க யாருக்கும் கத்தரியைக் குடுத்ததே இல்லைன்னு சொல்றாங்க. எங்களுக்கு என்ன செய்றதுன்னே தெரியல. கொக்கி தைச்சேன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான். நீங்க கட்டாயம் வாங்க" என்றாள். எனக்கு அந்த ஒன்பது பேரை நினைத்துக் கோபமே வரவில்லை. அவர்கள் வீட்டிலும் ஒவ்வொரு பிள்ளை மூக்கு ஒழுக வந்து நின்றிருக்கும்.

ஆக, நான் போகிறேன். வெள்ளிக்கிழமைக்கு ஷிப்ட் மாற்றிக்கொண்டேன். மாணவர்களைப் பார்த்து எனக்குப் பயமில்லை, பேச்சு வராவிட்டால் கையைத் தூக்கச் சொல்லி ஆரம்பித்துவிடுவேன். பயமெல்லாம் உன்னை நினைத்துத்தான். நாலாம் வகுப்பில் அழுகை நின்ற அந்த முகத்தோடுதான் நீ இத்தனை வருஷமும் என்னைப் பார்த்திருக்கிறாய். வெள்ளிக்கிழமை அது எப்படி மாறும் என்று எனக்குத் தெரியவில்லை. இசக்கி லீவு சொல்லிவிட்டாள், முன்வரிசையில் உட்காருவாளாம். நீ வந்தாலும் வராவிட்டாலும் நான் சொல்லப்போவது இதைத்தான்: என் பேர் இது, மேடம் வீட்டில் கொக்கி தைத்தேன், இப்போது ஒரகடத்தில் கார் சீட் தைக்கிறேன்.

ஆனால் வாடா.

அம்மா